அந்த சூப்பை வைத்தது யார்?

ஒசாமு தசாயின் ‘சாயும் சூரியன்’ ஒரு கரண்டி சூப்பில் தொடங்குகிறது. காலை நேரம், சாப்பாட்டு அறை. ஒரு வாய் சூப்பை உறிஞ்சியதும் அம்மா மெல்லிய குரலில் ‘ஆ’ என்கிறார். தலைமுடி ஏதாவது கிடந்ததா என்று பதறுகிறாள் மகள் கசுகோ. அதெல்லாம் இல்லை. தென் பசிபிக் தீவுகளுக்குப் போருக்குப் போய், ஒரு தகவலும் வராமல் போன மகன் நவோஜியின் நினைவு வந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு கசுகோ அம்மா சூப் குடிக்கும் அழகை நமக்குச் சொல்ல ஆரம்பிக்கிறாள். மேசை ஓரத்தில் இடது கை விரல்களை லேசாக வைத்துக்கொண்டு, குனியாமல், தட்டைப் பார்க்கக்கூடப் பார்க்காமல், ஒரு சிட்டுப் பறவை சிறகடிப்பதுபோல் கரண்டியை எடுத்து எடுத்து வாய்க்குள் விடுகிறார். ஒரு சொட்டு சிந்தாது. ஒரு சத்தம் கேட்காது. மேசை நாகரிகப் புத்தகங்கள் சொல்கிற முறையும் இல்லை அது. ஆனாலும் அதுதான் அசல் என்று மகளுக்குத் தெரிகிறது.

உலக இலக்கியத்தில் சாப்பிடுவதைப் பற்றி எழுதப்பட்ட மிக அழகான பக்கங்களில் இது ஒன்று என்று எனக்குத் தோன்றும். ஆனால் இந்த நாவலுக்குத் திரும்பத் திரும்ப என்னை இழுத்து வருவது அந்தப் பறவைக் கரண்டி இல்லை. அதற்கு நடுவே கசுகோ போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்து போகும் ஒரு தகவல். அந்த சூப், அமெரிக்காவிலிருந்து ரேஷனில் வந்த டின் பட்டாணியை மசித்து, வடிகட்டி, அவளே வைத்தது.

ஜப்பானின் கடைசிச் சீமாட்டி, தன் நாட்டைத் தோற்கடித்த நாடு அனுப்பிய டின் பட்டாணியைச் சாப்பிடுகிறார். அந்தப் பட்டாணியை சூப்பாக்கியது மகளின் கை. இந்த இரண்டு விஷயமும் இல்லாமல் அந்த அழகான காட்சியே கிடையாது. நாவல் இதை அழுத்திச் சொல்வதில்லை. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறது.

காலத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 1946இல் ஜப்பானில் ஒரு சொத்து வரி வந்தது, பெரும் சொத்துகளுக்கு 90 சதவீதம் வரை. அதே சமயம் நிலச் சீர்திருத்தம் வந்தது. ஊரில் இல்லாத நிலக்கிழார்களின் நிலத்தை அரசு வாங்கிக் குத்தகைக்காரர்களுக்கு விற்றது. பணவீக்கத்தில் அந்த விலைக்கு மதிப்பே இல்லாமல் போனது. 1947 மே 3 அன்று புதிய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது பிரபுப் பட்டங்கள் சட்டப்படி ஒழிந்தன. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், ‘ஷின்சோ’ பத்திரிகையில் இந்த நாவல் தொடராக வர ஆரம்பித்தது. வருட முடிவுக்குள் புத்தகமாகிவிட்டது. ‘ஷாயோ’ என்பது ஜப்பானியப் பெயர். சாய்ந்த சூரியன் என்று பொருள். மறைந்துவிடவில்லை, சாய்ந்திருக்கிறது. நொடித்துப்போன பிரபுக்களுக்கு ‘ஷாயோ-சொகு’, அதாவது சாய்ந்த சூரியக் கூட்டம், என்று ஜப்பானியர்கள் பெயர் வைக்கும் அளவுக்கு நாவல் பரவியது. 1956இல் டொனால்ட் கீன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இன்றைக்கு தசாயைத் தேடி வரும் இளைஞர்களில் பலர் அனிமே வழியாகவோ, இன்ஸ்டாகிராமில் சுற்றும் சோக வரிகள் வழியாகவோ வருகிறவர்கள். வரட்டும், எந்த வாசலாக இருந்தால் என்ன. ஆனால் அப்படி வருகிறவர்களுக்கு இந்த நாவல் ஒரு சங்கடத்தைக் கொடுக்கும். வேலையே செய்யாத ஒரு வர்க்கம் அழிகிறது. அதற்கு நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்? குத்தகை வசூலித்து, பட்டுக் கிமோனோ உடுத்தி, நிலா பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தானே? போய்த் தொலையட்டுமே என்று மூளை சொல்கிறது. ஆனால் அந்த அம்மா இறக்கும் பக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இந்த இரண்டில் எது பொய்? அநியாயத்தின் மேல் விளைந்த ஓர் அழகுக்காகத் துக்கப்படுவதே ஒரு அநியாயம்தானா?

முதலில் அந்த அம்மாவைச் சரியாகப் பார்க்க வேண்டும். தசாய் அவரை மரியாதைப் பொம்மையாகச் செய்து வைக்கவில்லை. அவர் கோழி எலும்பைக் கையால் எடுத்துக் கடிப்பவர். டோக்கியோ வீட்டில் ஒரு நிலா இரவில், மகளோடு பேசிக்கொண்டே இருந்தவர் எழுந்து போய், தோட்டத்தில் பூத்திருந்த ஹாகிச் செடிகளுக்கு நடுவே மறைந்துகொள்கிறார். வெள்ளை முகத்தை மட்டும் நீட்டி, அம்மா இப்போது என்ன செய்கிறேன் சொல்லு பார்க்கலாம் என்று விளையாட்டாகக் கேட்கிறார். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கிறார். வேறு யாராவது செய்தால் அசிங்கமாகிவிடும் ஒன்று அவரிடம் குழந்தைத்தனமாக, ஏன், பேரழகாக இருக்கிறது. பட்டம் இருப்பதால் ஒருவன் பிரபுவாகிவிட மாட்டான், பட்டம் உள்ளவர்களில் எத்தனையோ பேர் வெறும் ரவுடிகள், அசல் என்றால் நம் வீட்டில் அம்மா மட்டும்தான் என்று நவோஜி ஒரு முறை குடித்துவிட்டுச் சொல்கிறான். அது உண்மைதான். பணம் மட்டும் போதுமென்றால் அந்த நாட்டின் பிரபுக்கள் எல்லோருமே அந்த அம்மாவைப்போல இருந்திருக்க வேண்டுமே.

ஆனால் அந்த அழகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தோண்டிப் பார்த்தால், எனக்குக் கிடைப்பது இதுதான்: அவருக்கு எந்தப் பொருளின் விலையும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வாழ்க்கையில் ஒருநாளும் வந்ததில்லை. பார்க்காமலே சூப் குடிக்க முடிவது, சிந்தாதா என்ற கவலை இல்லாதவரால்தான். மனிதர்கள் மேல் அவருக்குச் சந்தேகமே வராதது ஒரு நல்ல குணம், மறுக்கவில்லை. அதே நேரம், சந்தேகப்பட்டு எண்ணிப் பார்த்து வாங்க வேண்டிய வேலையை எப்போதும் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

அந்த ‘வேறு யாரோ’ நாவலில் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் வெளியேறுகிறார்கள். குடும்பச் செலவைக் கவனித்துவரும் வாடா மாமா, இனி கையில் காசில்லை, வீட்டை விற்றுவிட வேண்டும், வேலைக்காரிகளை அனுப்பிவிட வேண்டும், தாயும் மகளும் இஸுவில் ஒரு சின்ன வீட்டில் போய் இருந்துகொள்ளட்டும் என்று முடிவு செய்கிறார். அதோடு சரி. அந்த வேலைக்காரிகள் எங்கே போனார்கள், எப்படிப் பிழைத்தார்கள், தெரியாது. இந்த நாவலை செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தோடு ஒப்பிடாதவர்கள் குறைவு. தசாயே அந்த நாடகத்தை மனதில் வைத்துத்தான் எழுதினார். அதன் முடிவில் முதலாளிகள் எல்லோரும் கிளம்பிப் போய்விட, கிழட்டு வேலைக்காரன் ஃபீர்ஸ் பூட்டிய வீட்டுக்குள் மறந்து விடப்படுகிறான். செகாவ் அவனைக் கடைசியாக மேடையில் படுக்க வைத்துவிட்டுத்தான் திரையைப் போடுகிறார். தசாயிடம் ஃபீர்ஸ் இல்லை. அவர் செய்தது வேறு. வேலைக்காரியின் இடத்தில் அந்த வீட்டு மகளையே நிறுத்திவிட்டார்.

இஸுவுக்குக் கிளம்பும் முன் அம்மா சொல்கிறார், நீ இருப்பதால்தான் நான் அங்கே வருகிறேன், நீ இல்லையென்றால் இந்த வீட்டிலேயே செத்துப்போவேன் என்று. பாசம்தான். ஆனால் கசுகோவின் இடத்திலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டுப் பாருங்கள். ஓர் ஆளின் உயிரையே தோளில் தூக்கி வைத்துவிட்டாற்போல் இருக்கிறது. அதற்குப் பிறகு சமையல், துணி, வெந்நீர், மருந்து எல்லாம் அவள்தான். 29 வயது, மணமுறிவு, இறந்து பிறந்த ஒரு குழந்தை. போர்க்காலத்தில் கட்டாய வேலைக்கு இழுத்துப் போய், கயிறு பிடித்து இழுத்துத் தரையில் கம்பம் இறக்க வைத்தார்கள். அப்போது போட்டுப் பழகிய ‘ஜிகா-தாபி’, கூலிக்காரர்கள் போடும் ரப்பர் அடித் துணிச்செருப்பு, அது ஒன்றுதான் போரிலிருந்து அவளுக்கு மிச்சம். அதைப் போட்டுக்கொண்டுதான் இஸுவில் மண்ணைக் கொத்துகிறாள். தன் உடம்பு முரடாகிக்கொண்டே வருகிறது, அம்மாவின் உயிரை உறிஞ்சித்தான் தான் பலமாகிறோமோ என்று அவளுக்குப் பயம் வருகிறது. எனக்கு இதை நேர்மாறாகச் சொல்லத்தான் ஆசை. உறிஞ்சியது யார் என்று நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

நாவலில் ஒரு தீ விபத்து வருகிறது. வெந்நீர் அடுப்பிலிருந்து எடுத்த கட்டை அணைந்துவிட்டது என்று நினைத்து விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் கசுகோ வைத்துவிடுகிறாள். ராத்திரி பற்றிக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் ஓடி வந்து அணைக்கிறார்கள். மறுநாள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறாள். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் பரிவாகப் பேசுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே, கவலைப்படாதீர்கள் என்கிறார்கள். பக்கத்து வீட்டு மருமகள் மட்டும், நாற்பது வயது இருக்கும் அந்தப் பெண், பிடித்து வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். நீங்கள் ரெண்டு பேரும் சொப்பு வைத்து விளையாடுகிற மாதிரி குடித்தனம் நடத்துகிறீர்கள், பார்க்கும்போதே எங்களுக்கு அடி வயிறு கலங்கும், நேற்று காற்று மட்டும் அடித்திருந்தால் இந்த ஊரே போயிருக்கும் என்று.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நவோஜியிடம் போகும்போது தேவைப்படும்.

அதற்கு முன் இன்னொன்று. பணம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, கசுகோ ஒரு பெரிய குடும்பத்தில் வேலைக்குப் போகட்டும் என்று வாடா மாமா எழுதுகிறார். கசுகோ அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறாள். அம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியின் பேச்சை மீறுகிறார். என்ன முடிவு தெரியுமா? நம்மிடம் இருக்கிற கிமோனோக்களை எல்லாம் விற்போம், விற்று இஷ்டத்துக்குச் செலவு செய்து ஆடம்பரமாக வாழ்வோம், நீ வயலில் இறங்காதே, காய்கறி விலை ஏறினால் ஏறட்டும். படிக்கும்போது அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றும். இரண்டையும் ஒன்றாகத் தோன்ற வைப்பதுதான் தசாயின் கெட்டிக்காரத்தனம்.

சரி, நவோஜி. அவன் பிழைத்துத் திரும்பி வருகிறான், அபின் பழக்கத்தோடு. டோக்கியோவில் உயேஹரா என்ற எழுத்தாளரின் கும்பலோடு சேர்ந்து குடிக்கிறான். வீட்டில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் எடுத்துப் போகிறான். முன்பும் இவனுடைய போதைமருந்துக் கடனுக்குக் கசுகோதான் தன் நகையையும் உடைகளையும் விற்று அடைத்திருக்கிறாள். அம்மா காசநோயில் இறந்த பிறகு இவனும் தற்கொலை செய்துகொள்கிறான். அக்காவுக்கு எழுதிவைத்த கடிதத்தில்தான் நாவலின் மிகக் கடினமான வாதம் இருக்கிறது.

மக்களோடு மக்களாக ஆக வேண்டும் என்பதற்காகத்தான் முரடனாக நடிக்கப் பழகினேன் என்கிறான். போதையும் அதற்காகத்தான். பழகியதில் பாதி ஒட்டிக்கொண்டது, பாதி வேஷமாகவே நின்றுவிட்டது. சாதாரண ஜனங்கள் அவனை முழுசாகச் சேர்க்கவில்லை. பழைய பிரபு வீடுகளுக்கும் இனி திரும்ப முடியாது. அப்புறம் ஒரு வாக்கியத்தின் மேல் அவனுடைய கோபமெல்லாம் திரும்புகிறது. மனுஷங்க எல்லாரும் ஒண்ணுதான் என்கிற வாக்கியம். அதைச் சொன்னது ஒரு தத்துவவாதியும் இல்லை, குடிக்கடையில் எப்போதோ புழுப்போல நெளிந்து வந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது என்கிறான். மார்க்சியம் உழைப்பவனின் மேன்மையைச் சொல்கிறது, ஜனநாயகம் தனிமனிதனின் கண்ணியத்தைச் சொல்கிறது, இரண்டுமே ‘ஒண்ணுதான்’ என்று சொல்லவில்லை, அதைச் சொல்வது பொறாமை மட்டும்தான் என்பது அவனுடைய வாதம்.

இதை ஒரு பணக்காரப் பையனின் புலம்பல் என்று தள்ளிவிடுவது எளிது. நான் தள்ள மாட்டேன். பாதி சரி அது. தோளில் கை போட்டு ‘நீயும் நானும் ஒண்ணுதான்டா’ என்று சொல்லும்போது, நீ என்னைவிட ஒரு அங்குலம் உயர்ந்துவிடக் கூடாது என்ற மிரட்டல் அதில் இருக்கத்தான் செய்கிறது. நன்றாகப் படிக்கிறவனை, நன்றாக எழுதுகிறவனை, வெறுமனே நல்லவனாக இருக்கிறவனைக்கூட கீழே இழுத்துப்போட அதே வாக்கியத்தைப் பயன்படுத்துவார்கள். கண்ணியம் வேறு, சமன்படுத்துவது வேறு என்று 1947லேயே, புதிய சாசனத்தின் மை காயும் முன்பே, ஒரு நாவல் பிரித்துப் பார்த்தது சாதாரண விஷயம் இல்லை.

மற்ற பாதிதான் சிக்கல். நவோஜிக்குச் சமத்துவம் அறிமுகமானது குடிக்கடையில். அங்கே அவன் காசு கொடுக்கிறவன், அல்லது அவன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கக் கூடியவன். ஒருநாளும் அவனைக் கேள்வி கேட்காத கூட்டம் அது. அவன் அக்காவுக்கு வேறு ஒரு சமத்துவம் அறிமுகமாகியிருந்தது, அந்தப் பக்கத்து வீட்டு மருமகளிடம். ஊர்ப் பெரியவர்கள் ‘அம்மணி பரவாயில்லை’ என்று சொன்னபோது கசுகோ இன்னும் பிரபு வீட்டுப் பெண்தான். அவர்களுடைய பரிவில் பழைய பயம் இருந்தது. மருமகள் திட்டியபோதுதான் முதன்முறையாக அவள் ஊரில் ஒருத்தி ஆகிறாள், தப்பு செய்தால் பதில் சொல்ல வேண்டிய ஒருத்தி. அந்த அம்மாள் கசுகோவைக் கீழே இழுக்கவில்லை. உன் நெருப்பு என் கூரைக்கும் வரும் என்று சொன்னாள், அவ்வளவே. அதற்குப் பிறகுதான் கசுகோ வயல் வேலையில் மும்முரமாகிறாள். நவோஜிக்கு இப்படித் திட்ட ஒருவர்கூட வாய்க்கவில்லையே என்று நினைக்கும்போது அவன்மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. கடைசி வரியில் அவன் தன்னைப் பிரபு என்று அறிவித்துக்கொள்கிறான். தன்னால் வாழ முடியாமல் போனதற்குக் காரணம் ரத்தத்தில் இருக்கிறது என்று நம்புகிறான். ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது. அம்மாவின் சணல்நூல் கிமோனோவை, அடுத்த கோடைக்கு எனக்காக நீ பிரித்துத் தைத்தாயே, அதை என்னோடு சவப்பெட்டியில் வைத்துவிடு என்கிறான். சாகும்போதும் அவன் உடுத்திப் போக விரும்புவது அக்கா தைத்ததை. அவனுக்கு அது அம்மாவின் துணியாக மட்டும் தெரிகிறது.

தசாயே பிரபு இல்லை. வடக்கே, அவோமோரி மாகாணத்தின் கனாகி என்ற ஊரில், 1909இல், ஒரு நிலக்கிழார் வீட்டில் பத்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். அதிக வரி கட்டுகிறவர்களுக்கென்று இருந்த இடத்தில் அப்பா மேலவை உறுப்பினர் ஆனார். அந்தக் குடும்பம் நிலம் சேர்த்த வழிகளில் வட்டித் தொழிலும் உண்டு. சிவப்புச் செங்கல் மதிலுக்குள் அவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு கட்டிய மாளிகை, போருக்குப் பின் கைமாறி, வெகுகாலம் விடுதியாக இருந்து, இப்போது நினைவில்லமாகியிருக்கிறது. பெயர் ‘ஷாயோ-கான்’, சாய்ந்த சூரிய மாளிகை. இளமையில் அந்தச் சொத்தை நினைத்துக் கூசி இடதுசாரி இயக்கத்துக்குப் போனார், பாதியில் அதையும் விட்டுவிட்டு வந்தார், அதற்கும் கூசினார். இந்த நாவல் வந்தபோது ஷிகா நவோயா, இவர் எழுதும் பிரபு வீட்டுப் பெண் நாட்டுப்புற வேலைக்காரி மாதிரிப் பேசுகிறாள் என்று குறை சொன்னார். பிரபுக்கள் படிக்கும் பள்ளியில் படித்த மிஷிமாவுக்கும் அதே புகார். தசாய் கோபப்பட்டார். எனக்கென்னவோ ஷிகா தன்னை அறியாமல் நாவலைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டார் என்றே படுகிறது. கசுகோ வேலைக்காரி மாதிரிப் பேசாமல் எப்படிப் பேசுவாள்? அந்த வீட்டில் வேலைக்காரி அவள்தானே.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஓட்டா ஷிசுகோவைச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவர் வீட்டுப் பெண், எழுத்தில் ஆசை உள்ளவர், ஷிமோசோகாவில் ஒரு மலைவீட்டில் தாயோடு வாழ்ந்தவர். தசாய் அவரிடம் ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் கேட்டு, 1947 பிப்ரவரியில் நேரில் போய் வாங்கிவந்தார். நாவலின் பல பகுதிகள் அதை நெருக்கமாகத் தொடர்கின்றன. நவம்பரில் ஷிசுகோவுக்குத் தசாயின் பெண்குழந்தை பிறந்தது. அதே வருடம் மார்ச்சில் தசாயின் மனைவிக்கும் ஒரு பெண் பிறந்திருந்தது. ஷிசுகோவின் குழந்தைக்குத் தன் புனைபெயரிலிருந்து ஓர் எழுத்தைக் கொடுத்து ஹருகோ என்று பெயர் வைத்தார். அடுத்த ஜூனில் வேறொரு பெண்ணோடு தமகாவா கால்வாயில் குதித்து இறந்துபோனார். ஷிசுகோ மகளைத் தனியாக வளர்த்தார். தன் நாட்குறிப்பைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். இரண்டு பெண்களும் பின்னாளில் எழுத்தாளர்களானார்கள். மனைவியின் மகள்தான் சுஷிமா யூகோ.

இதைத் திருட்டு என்று சொல்லிக் கடையைக் கட்டிவிடலாம். நான் அந்த அவசரத்துக்கு வரவில்லை. நாட்குறிப்பில் இல்லாத எவ்வளவோ நாவலில் இருக்கிறது, நவோஜி முழுக்க தசாயினுடையவன். ஆனால் பட்டாணியை மசிக்கும் கையைப் பற்றி எழுதிய புத்தகமும் அப்படியொரு கையிலிருந்துதான் வந்திருக்கிறது. நாவலின் அழகுக்காக மனம் கனக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுக் கனக்கட்டும் என்பதுதான் என் பக்கம். துக்கப்படுவதற்கு எனக்குத் தடையில்லை. அந்த அம்மாவுக்காக நானும் வருத்தப்படுகிறேன்.

நாவலின் கடைசிப் பக்கம் கசுகோ உயேஹராவுக்கு எழுதும் கடிதம். அவர் இவளைக் கைவிட்டுவிட்டார். இவள் வயிற்றில் அவருடைய குழந்தை. பழைய ஒழுக்கத்தோடு சண்டை போட்டு, தானும் குழந்தையும் சூரியனைப்போல வாழப்போகிறோம் என்று எழுதுகிறாள். பணம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், அதுவும் விசித்திரமாக. பிறந்ததும் இந்தக் குழந்தையை உங்கள் மனைவி ஒரே ஒரு முறை கையில் தூக்க வேண்டும், அப்போது நான் இது நவோஜி யாரோ ஒரு பெண்ணிடம் ரகசியமாகப் பெற்ற குழந்தை என்று சொல்வேன். ஏன் என்று சொல்ல முடியாது, எனக்கே தெரியவில்லை என்கிறாள். நவோஜி சாகும்வரை வெளியில் சொல்லாமல் நேசித்தது ஒரு கலைஞரின் மனைவியை. அது யார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த விண்ணப்பம் புரியும். அதற்கு உயேஹரா பதில் எழுதினாரா என்று நாவலில் இல்லை. அந்த மனைவியை நாவலில் நாம் ஒன்றிரண்டு இடங்களில்தான் பார்க்கிறோம். கசுகோ உயேஹராவைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்கு வரும்போது, கணவர் எந்தக் குடிக்கடையில் இருப்பார் என்று வழி சொல்லி அனுப்புவது அந்தப் பெண்தான். பக்கத்தில் ஒரு சின்ன மகள். வீட்டில் மின்விளக்கு எரியவில்லை.